அக்யூரசி, பிரிசிஷன், ரெசல்யூஷன்: காலிப்பர்ல தெரியற 0.01 எதைச் சொல்லுது?

நீங்க எழுதினதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். டிப்ளமோ முடிச்சு ஒரு மெஷினிங் யூனிட்ல க்யூசி (தரம் பாக்கற) வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகுது. கஸ்டமர் பக்கத்துல இருந்து ஆடிட்டர் வந்தாரு, உங்க டிஜிட்டல் காலிப்பரை (ஜான்னு சொல்ற ரெண்டு தாடைக்கு நடுவுல வச்சு அளக்கற கருவி) காட்டி இதோட அக்யூரசி என்னன்னு கேட்டாரு, நீங்க 0.01ன்னு சொன்னீங்க, அது ரெசல்யூஷன், நான் கேட்டது அக்யூரசின்னு சொல்லிட்டாரு. அப்புறம் காலிபிரேஷன் ரிப்போர்ட் இருக்கு சரி, வெரிஃபிகேஷன் எங்கன்னு கேட்டாரு, ரெண்டும் ஒண்ணுதானேன்னு நீங்க நின்னுட்டீங்க. இந்த வார்த்தைங்களுக்கெல்லாம் என்ன வித்தியாசம்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "டிஸ்ப்ளேல காட்டற நம்பரை நம்பி ஜாபை பாஸ் பண்ணலாமா"ன்னு, அதாவது மெஷின்ல செஞ்ச பாகத்தை ஓகே பண்ணலாமான்னு, ஒண்ணு கேட்டிருக்கீங்க பாருங்க, உண்மையான கேள்வி அதுதான். வார்த்தைக்கு அர்த்தம் சொல்றதை விட அந்தக் கேள்வி வழியா போனா எல்லாமே புரியும்னு நினைக்கிறேன். நான் இருபது வருஷத்துக்கு மேல அளவு பாக்கற வேலையில இருக்கேன், முதல்ல ஷாப் ஃப்ளோர்ல இன்ஸ்பெக்டரா, அப்புறம் ஸ்டாண்டர்ட் ரூம்ல கேஜ்களை செக் பண்றவனா. அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல. நம்ம மொழியில துல்லியம்னு ஒரு சொல்லை வச்சுக்கிட்டு அக்யூரசி, பிரிசிஷன் ரெண்டுக்கும் போட்டுடறோம், பிரிசிஷனுக்கு நுட்பம்னு எழுதறவங்களும் இருக்காங்க, ஆனா பேச்சுல யாரும் அப்படிப் பிரிச்சுச் சொல்றதில்ல. ஆனா பழைய ஃபோர்மேன்கள் பேசறதைக் கவனிச்சா வித்தியாசம் அவங்க வாயில இருக்கும். "ஒரே மாதிரி வருதா?"ன்னு ஒரு கேள்வி கேப்பாங்க, "சரியா வருதா?"ன்னு இன்னொரு கேள்வி கேப்பாங்க. முதல் கேள்விதான் பிரிசிஷன். ரெண்டாவது அக்யூரசிக்குப் பக்கத்துல வருது, அதுல ஒரு சின்ன நெளிவு இருக்கு, பின்னாடி சொல்றேன்.

நம்பர் வச்சுப் பாருங்க. 25 மி.மீ ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாத் தெரிஞ்ச ஒரு கட்டை) ஒண்ணை எடுத்து ஒரு காலிப்பர்ல அஞ்சு தடவை அளக்கறீங்க, 25.02, 25.02, 25.02, 25.02, 25.02ன்னு வருது. இன்னொரு காலிப்பர்ல அதே கேஜை அளந்தா 24.98, 25.01, 25.00, 25.02, 24.99. ரெண்டாவதோட சராசரி போட்டுப் பாருங்க, கரெக்டா 25.00. எது நல்ல காலிப்பர்? புதுசா வர்றவங்க பாதிப் பேர் ரெண்டாவதைச் சொல்வாங்க, ஏன்னா சராசரி சரியா இருக்கு. ஆனா லைன்ல ஒரு ஜாபை நாம ஒரு தடவைதான் அளக்கறோம், அஞ்சு தடவை அளந்து சராசரி போட யாருக்கும் நேரமில்ல, அந்த ஒரு தடவையில 24.98 வருமா 25.02 வருமான்னு யாருக்கும் தெரியாது. முதல் காலிப்பர் எப்பவும் 0.02 கூடக் காட்டுது, கழிச்சுக்கிட்டா போச்சு. அதாவது மாறாத தப்பைத் திருத்திக்கலாம், மாறிக்கிட்டே இருக்கற தப்பை ஒரே அளவுல திருத்த முடியாது. இந்த ரெண்டு வார்த்தையையும் பிரிச்சு வச்சதுக்குக் காரணமே எனக்குத் தெரிஞ்சு இதுதான், வைத்தியம் வேற வேற.

இதுக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச ஒரு உதாரணம் ஹப்பிள் டெலஸ்கோப். 1990 ஏப்ரல்ல மேல அனுப்பினாங்க, 2.4 மீட்டர் கண்ணாடி, அவ்வளவு நேர்த்தியான பாலிஷ். ஆனா படம் மங்கலா வந்துச்சு. என்னன்னு பாத்தா கண்ணாடி ரொம்ப பிரிசிஷனோட தப்பான வடிவத்துக்குத் தேய்க்கப்பட்டிருக்கு, ஓரத்துல சுமார் 2.2 மைக்ரான் (மைக்ரான்னா ஒரு மி.மீல ஆயிரத்துல ஒரு பங்கு) அதிகமா தட்டையாயிருச்சு. தேய்க்கும்போது வடிவத்தைச் சோதிக்க நல் (null) கரெக்டர்னு ஒரு கருவி வச்சிருந்தாங்க, அதுல ஒரு லென்ஸ் 1.3 மி.மீ தள்ளி உக்காந்திருந்துச்சு, அதனால ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி "சரி"ன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது என்னன்னா, அதை விட எளிமையான வேற சோதனைகள்ல தப்பு தெரிஞ்சிருக்கு, ஆனா பெரிய கருவிதான் அதிக அக்யூரேட்னு நம்பி சின்னதுங்க சொன்னதை ஒதுக்கிட்டாங்க. அப்புறம் 1993 டிசம்பர்ல விண்வெளி வீரர்கள் போய் எதிர்த் திசையில அதே அளவு தப்பு இருக்கற ஆப்டிக்ஸை மாட்டி சரி பண்ணாங்க. சரி பண்ண முடிஞ்சதே அந்தத் தப்பு மாறாம இருந்ததாலதான், நம்ம 25.02 காலிப்பர்ல 0.02 கழிக்கற மாதிரியேதான் அதுவும். கண்ணாடி இடத்துக்கு இடம் தாறுமாறா தேஞ்சிருந்தா இப்படி எதிர்க் கண்ணாடி போட்டு சரி பண்றது நடக்கற காரியமில்ல.

டார்ட் போர்டு படம் போட்டு அக்யூரசி பிரிசிஷன் விளக்கறதை எல்லா ட்ரெய்னிங்லயும் பாத்திருப்பீங்க. அது ஒரு அளவுக்குத்தான் உதவும், ஏன்னா போர்டுல நடுப்புள்ளி கண்ணுக்குத் தெரியுது, வேலை செய்யற இடத்துல ஜாபோட உண்மை அளவு எங்கேயும் எழுதி வச்சிருக்காது. உங்களுக்குத் தெரியறது அம்பு குத்தின இடம் மட்டும்தான். அதனாலதான் ஒரே மாதிரி வந்தா சரின்னு நம்பற பழக்கம் வந்துருது, அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் ஸ்லிப் கேஜ்னு ஒண்ணு, மாஸ்டர்னு ஒண்ணு.

இப்ப நீங்க மாட்டிக்கிட்ட ரெசல்யூஷனுக்கு வர்றேன். எவ்வளவு சின்ன மாற்றத்தை அந்தக் கருவியால காட்ட முடியும், அவ்வளவுதான் அதோட அர்த்தம். நம்ம காலேஜ்ல லீஸ்ட் கவுண்ட்னு சொல்லிக் குடுத்தது ஏறக்குறைய இதேதான். டிஸ்ப்ளேல ரெண்டு டெசிமல் இருந்தா சாதாரணமா 0.01, மூணு இருந்தா 0.001. ஒரு டெசிமல் சேத்து டிஸ்ப்ளே போடறது பெரிய விஷயமில்ல, அந்த டெசிமலுக்கு ஏத்த மாதிரி ஜாவும் ஸ்கேலும் செய்யறதுதான் கஷ்டம். 150 மி.மீ டிஜிட்டல் காலிப்பர், நல்ல மேக்கா இருந்தாலும், 0.01 காட்டும் ஆனா கேட்லாக்ல அனுமதிக்கிற தப்பு ±0.02ன்னுதான் போட்டிருப்பாங்க, பல மேக்ல 0.03. இதுல இருந்து அக்யூரசி எப்பவும் ரெசல்யூஷனை விட மோசமா இருக்கும்னு முடிவு பண்ணிடாதீங்க, உல்டாவும் உண்டு. சாதாரண 0-25 மைக்ரோமீட்டரை (திருகைச் சுத்தி 25 மி.மீ வரைக்கும் அளக்கற கருவி) எடுங்க, திம்பிள்ல, அதாவது சுத்தற உருளையில, கோடு 0.01க்கு 0.01தான், ஆனா அதோட தப்பு வரம்பு 0.002ல இருந்து 0.004 மி.மீக்குள்ள இருக்கும், கோட்டு இடைவெளியை விடக் கம்மி. ஆக லீஸ்ட் கவுண்ட்டைப் பாத்து அக்யூரசியை மேலயோ கீழயோ ஊகிக்கவே முடியாது, ரெண்டும் தனித்தனி. ஆடிட்டர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

இதுல யாரும் அதிகம் சொல்லாத ஒரு ஆபத்து இருக்கு. ரெசல்யூஷன் மோசமா இருந்தா பிரிசிஷன் நல்லா இருக்கற மாதிரி ஏமாத்தும். 0.1 மட்டும் காட்டற கருவியில பத்து தடவை அளந்தா பத்தும் 25.0ன்னு வரும், உள்ள 0.03 ஆடினது தெரியவே தெரியாது. மேல நான் சொன்ன முதல் காலிப்பர் அஞ்சு தடவை 25.02 காட்டுச்சுன்னா ஆட்டமே இல்லைன்னு அர்த்தமில்ல, 0.01க்குள்ள இருக்கற ஆட்டம் டிஸ்ப்ளேல மறைஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம்.

அந்த நெளிவுன்னு சொன்னேனே, அது இது. கருவியோட சராசரி உண்மை அளவுக்குப் பக்கத்துல இருக்கறதுக்கு ட்ரூனஸ்னு தனிப் பேரு வச்சிருக்காங்க, 1994ல வந்த ஐஎஸ்ஓ 5725ங்கற சர்வதேச ஸ்டாண்டர்ட்ல இது தெளிவா இருக்கும். அந்தக் கணக்குல அக்யூரசிங்கறது ட்ரூனஸ், பிரிசிஷன் ரெண்டும் சேர்ந்தது. ஆனா பழைய புத்தகங்கள்லயும் நிறைய ட்ரெய்னிங் மெட்டீரியல்லயும் ட்ரூனஸைத்தான் அக்யூரசின்னு எழுதியிருப்பாங்க. சராசரி சரியா இருந்த ரெண்டாவது காலிப்பரை ஒரு புத்தகம் அக்யூரேட்னு சொல்லும், இன்னொண்ணு ட்ரூ ஆனா அக்யூரேட் இல்லைன்னு சொல்லும். ரெண்டு பேரு சண்டை போட்டா யாரு எந்த அர்த்தத்துல பேசறாங்கன்னு கேளுங்க, பாதிச் சண்டை அங்கேயே முடிஞ்சிடும். இன்னும் கறாராப் பாத்தா, விம்னு சுருக்கமா சொல்ற சர்வதேச அளவியல் அகராதி, 2008ல வந்த மூணாவது பதிப்பு, அக்யூரசிங்கறது ஒரு அளவே இல்ல, அதுக்கு நம்பர் குடுக்கக் கூடாதுன்னே சொல்லுது. அதிக அக்யூரேட், கம்மி அக்யூரேட்னு ஒப்பிட்டுச் சொல்லலாம், அவ்வளவுதான். அப்ப கேட்லாக்ல அக்யூரசி ±0.02ன்னு போட்டிருக்காங்களேன்னா, அது உண்மையில அனுமதிக்கப்படற அதிகபட்ச தப்பு, மேக்கர் குடுக்கற வரம்பு. தொழில்ல எல்லாரும் அதைத்தான் அக்யூரசின்னு சொல்றோம், நானும் சொல்வேன், உங்க ஆடிட்டரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாரு. அகராதி சொல்றது ஒண்ணு, ஷாப்ல புழங்கறது ஒண்ணுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும்.

பிரஷர் கேஜ் உங்க டெஸ்டிங்ல இருந்தா அங்க இன்னொரு சிக்கல் இருக்கு. டயல்ல கிளாஸ் 1.0ன்னு போட்டிருந்தா படிக்கற அளவுல ஒரு சதவீதம் இல்ல, ஃபுல் ஸ்கேல்ல ஒரு சதவீதம். 10 பார் (பார்ங்கறது பிரஷரோட அலகு) வரைக்கும் காட்டற கேஜ்ல அது 0.1 பார். 8 பார்ல பரவால்ல, ஆனா அதே கேஜ்ல 1 பார் பாத்தீங்கன்னா பத்து சதவீதம் தப்பு வரலாம், அதுவும் அந்தக் கிளாஸ் விதிக்கு உட்பட்டேதான்.

அடுத்து எரர், அன்சர்ட்டன்டி, டாலரன்ஸ். டாலரன்ஸ் டிராயிங்ல இருக்கறது, ஜாபுக்கு டிசைனர் குடுத்த சலுகை, அது கேஜோட குணம் இல்ல, அதை அக்யூரசியோட குழப்பிக்காதீங்க. எரர்ங்கறது ஒரு நம்பர், பிளஸ் மைனஸ்ல ஒரு பக்கம்தான் இருக்கும், 25.000க்கு 25.02 காட்டினா எரர் +0.02, கழிக்கலாம். அன்சர்ட்டன்டிங்கறது ஒரு அகலம், எல்லாத் திருத்தமும் பண்ணின அப்புறமும் எவ்வளவு தூரம் சந்தேகம் மிச்சம் இருக்குங்கறது, அதைக் கழிக்க முடியாது. உங்க காலிபிரேஷன் ரிப்போர்ட்ல கடைசிப் பக்கம் பாருங்க, ±0.012 மி.மீ, கே = 2ன்னு ஏதாவது இருக்கும், சாதாரணமா சுமார் 95 சதவீத நம்பிக்கையோட உண்மை அளவு அந்த அகலத்துக்குள்ள இருக்கும்னு அர்த்தம். அந்த வரியைப் படிக்காம சீல் தேதியை மட்டும் பாத்துட்டு ஃபைல்ல போடற யூனிட்டுங்க நிறைய. இது எல்லாம் சேர்ற இடம் இதுதான்: ஷாஃப்ட் 25 ±0.02, கையில இருக்கறது ±0.02 காலிப்பர், 25.01ன்னு காட்டுது. உண்மையில அது 24.99ஆவும் இருக்கலாம் 25.03ஆவும் இருக்கலாம், 25.03ன்னா ரிஜெக்ட். அந்த ஜாபை அந்தக் காலிப்பர்ல பாஸ் பண்றது ஊகம்தான், இன்ஸ்பெக்ஷன் இல்ல, அங்க மைக்ரோமீட்டர்தான் எடுக்கணும். டாலரன்ஸ்ல நாலுல ஒரு பங்கு, முடிஞ்சா பத்துல ஒரு பங்குக்குள்ள கருவியோட தப்பு இருக்கணும்னு தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு. அது சட்டம் இல்ல, வழக்கம்தான், கஸ்டமர் வேற விகிதம் கேட்டா அதைத்தான் பாக்கணும்.

இப்ப ரெண்டாவது கேள்வி, காலிபிரேஷன். நம்ம ஊர்ல காலிபிரேஷன் பண்ணினா கருவி சரியாயிடும்னு நினைக்கறாங்க, சர்வீஸ் பண்ணின வண்டி மாதிரி. இல்ல. காலிபிரேஷன்னா தெரிஞ்ச ஸ்டாண்டர்டோட ஒப்பிட்டு கருவி எங்க எவ்வளவு தப்பாக் காட்டுதுன்னு அன்சர்ட்டன்டியோட எழுதிக் குடுக்கறது, அவ்வளவுதான். கருவியைத் தொட்டுத் திருத்தினா அதுக்குப் பேரு அட்ஜஸ்ட்மெண்ட், மைக்ரோமீட்டர் ஸ்லீவை ஸ்பேனர் வச்சுத் திருப்பி ஜீரோ வைக்கறீங்களே அதுதான். ரெண்டையும் குழப்பாதேன்னு மேல சொன்ன விம் அகராதியே குறிப்பு போட்டிருக்கு. வெரிஃபிகேஷன்னா அந்த ரிப்போர்ட்ல வந்த தப்பு நமக்கு வேணுங்கற வரம்புக்குள்ள இருக்கா இல்லையான்னு பாத்து, ஆமா இல்லைன்னு ஆதாரத்தோட சொல்றது. லேப் ரிப்போர்ட்ல 0ல 0.00, 50ல +0.01, 150ல +0.03ன்னு இருக்கும், ஓகேன்னு இருக்கணும்னு அவசியமில்ல. வரம்பு 0.02 வச்சிருந்தா அந்தக் காலிப்பர் 150 கிட்ட ஃபெயில், 50க்குள்ள மட்டும் யூஸ் பண்றோம்னு லேபிள் போட்டா அது வேற. அந்த முடிவை எடுத்து ஒருத்தர் கையெழுத்து போட்டிருக்காரான்னுதான் ஆடிட்டர் கேட்டிருக்காரு, ரிப்போர்ட் இருந்தும் அதை யாரும் படிச்ச அடையாளம் இல்லைங்கறதுதான் அவரோட குறை. வெரிஃபிகேஷனுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் மளிகைக் கடைத் தராசு. 2009 லீகல் மெட்ராலஜி சட்டப்படி தமிழ்நாட்டுல தொழிலாளர் துறை ஆளுங்க வந்து முத்திரை குத்தறாங்களே, அந்த முத்திரை தராசு எத்தனை கிராம் தப்புன்னு சொல்லாது, அனுமதிச்ச வரம்புக்குள்ள இருக்குன்னு மட்டும் சொல்லும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னு நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். நான் முன்ன வேலை பாத்த ஒரு இடத்துல போர் கேஜ் (போர்னா துளை, அதோட விட்டத்தை அளக்கறது) ஒண்ணை வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினோம், அவங்க வந்ததும் அட்ஜஸ்ட் பண்ணிட்டு அப்புறம் அளந்து அருமையான ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு கஸ்டமர்கிட்ட இருந்து போர் பெருசுன்னு கம்ப்ளைண்ட். கேஜ் போறதுக்கு முன்னாடி எவ்வளவு தப்பா இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே எந்தத் தேதியில இருந்து போன லாட்டெல்லாம் சந்தேகம்னு சொல்ல முடியும், அந்த நம்பர் உலகத்துல எங்கேயும் இல்ல. மூணு மாச டெஸ்பாட்ச்சை நாங்க திருப்பி அளக்க வேண்டி வந்துச்சு. அதுல இருந்து லேபுக்கு அனுப்பும்போது வந்த நிலையில ஒரு தடவை, திருத்தினா திருத்தின அப்புறம் ஒரு தடவை, ரெண்டு ரீடிங்கும் வேணும்னு எழுதிக் குடுக்காம நான் எதையும் அனுப்பறதில்ல. நீங்களும் அப்படியே பண்ணுங்க.

காலிப்பர்ல ஜீரோ பட்டன் அமுக்கறதும் ஒரு அட்ஜஸ்ட்மெண்ட்தான், ஆனா அது எல்லா ரீடிங்கையும் ஒரே அளவுக்கு நகர்த்தும், அவ்வளவுதான் அதால முடியும். ஜா தேஞ்சிருந்தா அது சரி பண்ணாது. ஜாவை மூடி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சக் கீத்து தெரிஞ்சா ஜீரோ சரியா இருந்தாலும் சின்ன ஷாஃப்ட்ல தப்பு வரும். பிசிறு மாட்டியிருக்கும்போது ஜீரோ அமுக்கினா அன்னிக்கு பூரா எல்லா ஜாபும் தப்பு, அதுவும் ரொம்ப பிரிசிஷனோட.

கடைசியா ரிப்பீட்டபிலிட்டி, ரிப்ரொட்யூசிபிலிட்டி, ரெண்டும் பிரிசிஷனோட பிள்ளைங்க. ஒரே ஆள், ஒரே கேஜ், ஒரே இடத்துல உடனே உடனே அளந்தா எவ்வளவு ஆடுதுங்கறது முதலாவது. ஆளோ இடமோ கருவியோ மாறினா எவ்வளவு ஆடுதுங்கறது ரெண்டாவது. டே ஷிஃப்ட் ஓகே பண்ணினதை நைட் ஷிஃப்ட் ரிஜெக்ட் பண்றது ரெண்டாவது வகைச் சண்டை. நாங்க ஒரு அலுமினிய ஹவுசிங்ல இதே மாதிரி ஒரு வாரம் அலைஞ்சோம், ஆளை மாத்தினோம், கேஜை மாத்தினோம், கடைசியில காரணம் வெயில். அளவுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரின்னு 1931லயே சர்வதேச அளவுல முடிவு பண்ணிட்டாங்க, நம்ம ஷாப்ல மே மாசம் மதியம் 35. ஸ்டீல் 100 மி.மீக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 1.15 மைக்ரான் வளரும், அலுமினியம் கிட்டத்தட்ட அதுக்கு ரெண்டு மடங்கு. ஸ்டீல் ஜாபை ஸ்டீல் கேஜ்ல அளந்தா ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கற வரைக்கும் சேர்ந்தே வளரும், பெருசா தெரியாது. அலுமினிய ஜாபை ஸ்டீல் கேஜ்ல அளந்தா, ரெண்டுமே 20ஐ விட 15 டிகிரி கூட இருக்கும்போது, 100 மி.மீக்கு 17 மைக்ரான் கூடக் காட்டும். அதனால ராத்திரி ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. அளந்த ஆளுங்க ரெண்டு பேருமே ஒழுங்காத்தான் அளந்திருக்காங்க, தேவையில்லாம அவங்களைத்தான் முதல்ல சந்தேகப்பட்டோம். மெஷின்ல இருந்து இறக்கின சூட்டோட ஜாபை அளக்காதீங்கன்னு சொல்றதும் இதுக்குத்தான்.

நான் சொன்னது எல்லாமே நீள அளவுப் பக்கம் வேலை செஞ்ச அனுபவத்துல இருந்து. கெமிக்கல் லேப், மெடிக்கல் லேப் பக்கம் சென்சிடிவிட்டி மாதிரி வார்த்தைகளுக்கு வேற அர்த்தத்துல புழக்கம் இருக்கு, அங்க இதை அப்படியே கொண்டு போகாதீங்க. எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை காலிபிரேட் பண்ணணும்னும் கேட்டிருந்தீங்க, அதுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு பதில் கிடையாது, வருஷத்துக்கு ஒண்ணுங்கறது பழக்கம்தான். தினம் நானூறு ஜாப் அளக்கற காலிப்பரும் அலமாரியில தூங்கற காலிப்பரும் ஒரே வேகத்துல தேயாது, போன ரெண்டு மூணு ரிப்போர்ட்டைப் பக்கத்துல வச்சு தப்பு எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாத்து நீங்களே முடிவு பண்ணி, ஏன்னு எழுதி வையுங்க.

ஆடிட்டர் அடுத்த தடவை வந்து அக்யூரசி என்னன்னு கேட்டா இப்படிச் சொல்லுங்க: ரெசல்யூஷன் 0.01, மேக்கர் குடுத்த வரம்பு ±0.02, கடைசி காலிபிரேஷன்ல அதிகபட்ச எரர் இவ்வளவு, அன்சர்ட்டன்டி இவ்வளவு, எங்க வரம்பு இவ்வளவு, அதுக்குள்ள இருக்குன்னு இன்னார் கையெழுத்து போட்டிருக்காரு, இந்தக் காலிப்பரை இந்த டாலரன்ஸுக்குக் கீழ இருக்கற ஜாபுக்கு யூஸ் பண்றதில்ல. அதுக்கு முன்னாடி நாளைக்கு வேலைக்குப் போனதும் 25 ஸ்லிப் கேஜை எடுத்து, துடைச்சு, கேஜும் காலிப்பரும் டேபிள் மேல ஒரு மணி நேரம் கிடக்கட்டும், அப்புறம் நீங்க பத்து தடவை, உங்க கூட வேலை செய்யறவரு பத்து தடவை, ஒவ்வொரு தடவையும் காலிப்பரைத் திறந்து மூடி அளந்து எழுதுங்க, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. அந்த இருபது நம்பரையும் இங்க போடுங்க, உங்க காலிப்பருக்கு எது பிரச்சினைன்னு அதுல இருந்தே சேர்ந்து பாக்கலாம்.